வீட்டில் இணையவழி டிவி பார்க்க எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலும் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் யார் டிவி வாங்கினாலும், ஸ்டிக் (டிவியில் சொருகினால் இணையப் படங்களைக் காட்டும் சின்னக் கருவி) வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். போய் மாட்டிக் கொடுப்பதும் பெரும்பாலும் நான்தான். கடைக்காரர் முதலில் கேட்பது "பட்ஜெட் எவ்வளவு?". நான் கேட்பது இரண்டு: ரிமோட் யார் கையில் இருக்கப்போகிறது? டிவியின் முதுகில் என்னென்ன சொருகும் இடம் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் எதை வாங்குவது என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வீட்டில் இருப்பது சாதா எல்.இ.டி டிவி. புது ஸ்மார்ட் டிவி வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். படம் நன்றாகத் தெரிகிறது, படமும் சத்தமும் ஒரே வயரில் போகும் எச்.டி.எம்.ஐ ஓட்டை ஒன்று காலியாக இருக்கிறது என்றால் ஸ்டிக் போதும். மூவாயிரத்திலிருந்து ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேபிள் செட்டாப் பாக்ஸ் ஏற்கெனவே ஓர் ஓட்டையைப் பிடித்திருக்கும், அதனால் இரண்டாவது இருக்கிறதா என்று டிவியைத் திருப்பிப் பாருங்கள். சுவரில் அறைந்த டிவியாக இருந்தால் போனில் டார்ச் போட்டுப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்தால் தெரியும். ஒரே ஓட்டைதான் என்றால் எச்.டி.எம்.ஐ ஸ்விட்ச் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறது. செட்டாப் பாக்ஸும் ஸ்டிக்கும் அதில் ஏறும், அதிலிருந்து ஒரு வயர் டிவிக்குப் போகும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மட்டும் போகிற பழைய டப்பா டிவி. அதில் முடியுமா?

எச்.டி.எம்.ஐ சிக்னலை அந்த மூன்று வயருக்கான ஏ.வி-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டால் படம் வரும். ஆனால் மெனுவில் உள்ள எழுத்துகள் மங்கிப்போய், கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். சில ஓடிடி செயலிகள், நகல் தடுப்புக் காரணமாக, கன்வெர்ட்டர் வழியே ஓடாமலும் போகும். அந்தக் காசை 32 அங்குல டிவிக்குச் சேர்த்து வையுங்கள்.

ஸ்மார்ட் டிவிதான் வைத்திருக்கிறோம். வாங்கி ஐந்தாறு வருஷம். ஒரு செயலியைத் திறந்தால் நிமிஷக்கணக்கில் ஆகிறது. டிவி போய்விட்டதா?

டிவி போகவில்லை. உள்ளே இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டருக்குத்தான் வயதாகிவிட்டது. நான் இதில் அடித்துச் சொல்வது ஒன்று: திரை பத்து வருஷம் ஓடும், உள்ளே இருக்கும் மென்பொருள் அவ்வளவு காலம் தாங்காது. விலை குறைந்த டிவிகளில் 1 ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பு வைத்து விற்றார்கள். செயலிகள் ஆண்டுக்கு ஆண்டு கனமாகின்றன. ஒரு கட்டத்தில் புதுப்பிக்கக்கூட இடம் இருப்பதில்லை.

மெதுவாவதோடு நிற்பதும் இல்லை. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் 2010, 2011 காலத்துச் சில சாம்சங் ஸ்மார்ட் டிவிகளில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. அந்த டிவிகளின் திரையில் எந்தக் கோளாறும் இல்லை. அதனால் பழைய ஸ்மார்ட் டிவியை வெறும் திரையாக வைத்துக்கொண்டு, அதன் எச்.டி.எம்.ஐ ஓட்டையில் ஒரு நல்ல ஸ்டிக்கைச் சொருகுங்கள். நாலு வருஷம் கழித்து ஸ்டிக்குக்கு வயதானால் அதை மட்டும் மாற்றினால் போதும், டிவியைத் தூக்க வேண்டியதில்லை.

ஸ்டிக் வாங்கும் முன் ஒரு முயற்சி: பயன்படுத்தாத செயலிகளை நீக்கிவிட்டு, ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்குவது) போட்டுப் பாருங்கள். சில வீடுகளில் இதுவே இன்னும் ஒரு வருஷம் ஓட்டிக் கொடுத்திருக்கிறது.

புது டிவியே வாங்குவதாக இருந்தால் எந்த மென்பொருள் உள்ளதை எடுப்பது?

சோனி, டி.சி.எல் போன்றவற்றில் கூகுள் டிவி இருக்கும். சாம்சங் என்றால் டைசன், எல்.ஜி என்றால் வெப் ஓ.எஸ். நம் ஊரில் அதிகம் பார்க்கும் யூடியூப், ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட், பிரைம் வீடியோ, ஜீ5 எல்லாம் இவை எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. அதிகம் பிரபலமாகாத செயலிகள் வேண்டும் என்றால் கூகுள் டிவியில்தான் தேர்வு அதிகம். ஆனால் இதற்காகப் படத் தரத்தில் சமரசம் செய்யாதீர்கள். திரை நல்லதாக எடுங்கள், மென்பொருளை ஸ்டிக் வைத்து எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜி.எஸ்.டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப்பட்டியலை வைத்து யாராவது பேசினால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்டிக் என்றால் எது?

அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக் ஒரு பக்கம், கூகுளின் டிவி மென்பொருளில் ஓடும் ஷாவ்மி போன்றவை இன்னொரு பக்கம். குரோம்காஸ்ட் என்ற பெயரில் கூகுள் விற்றுவந்த வரிசை 2024-இல் நிறுத்தப்பட்டது, கடையில் பழைய இருப்பைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐபோன், ஐபேட் புழங்கும் வீட்டுக்கு ஆப்பிள் டிவி என்ற சின்னப் பெட்டி மிக வேகமானது, வெகுநாள் உழைக்கும், ஆனால் விலை ஒரு சின்ன டிவி அளவுக்கு வரும்.

என் கணக்கு எளிது. ராம் 2 ஜிபி இருக்கிறதா என்று பாருங்கள். 1 ஜிபி இருப்பதை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அந்த ஆயிரம் ரூபாய் மிச்சத்தை ஒவ்வொரு நாளும் காத்திருந்து கட்ட வேண்டியிருக்கும். ஃபயர் ஸ்டிக்கின் முகப்பில் அமேசானின் சரக்கு முன்னால் நிற்கும், விளம்பரமும் அதிகம். கூகுள் டிவியில் யூடியூபும் போனோடு உள்ள இணைப்பும் கைக்கு எளிது. யூடியூப்தான் வீட்டில் பாதி நேரம் ஓடும் என்றால் நான் கூகுள் டிவி பக்கம் சாய்வேன்.

ஒன்றைக் கவனியுங்கள். அமேசான் 2025-இல் வேகா என்ற சொந்த மென்பொருளோடு ஒரு புது ஸ்டிக்கை வெளியிட்டது. அது ஆண்ட்ராய்டு இல்லை, வெளியிலிருந்து ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) ஏற்ற முடியாது. உங்கள் ஊர் கேபிள்காரரோ இணைய நிறுவனமோ தனிச் செயலி ஒன்றை ஏபிகே-யாகக் கொடுத்திருந்தால், எந்த ஸ்டிக்கில் எந்த மென்பொருள் என்று பெட்டியில் படித்துவிட்டு வாங்குங்கள்.

4கே ஸ்டிக் அவசியமா?

4கே என்பது ஃபுல் எச்.டி-யைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள படம். அது தேவையா என்று கடைக்காரரைக் கேட்பதைவிட அளவுநாடாவைக் கேட்கலாம். சாதாரணக் கண்பார்வை, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்தறியாது. அந்தக் கணக்கைப் போட்டால், 43 அங்குல டிவியில் ஃபுல் எச்.டி-யின் புள்ளிகள் சுமார் ஐந்தரை அடியைத் தாண்டினால் தனித்தனியாகத் தெரியாது. 55 அங்குலத்துக்கு ஏழு அடி சொச்சம். புள்ளிகள் இன்னும் குறைவான 32 அங்குல எச்.டி ரெடி டிவிக்கே ஆறடி போதும். நம் வீடுகளில் டிவி ஒரு சுவரில், சோபா எதிர்ச்சுவரில். நடுவில் பத்தடி இருக்கும். அந்தத் தூரத்தில் 43 அங்குலத்தில் 4கே-க்கும் ஃபுல் எச்.டி-க்கும் கூர்மையில் வித்தியாசம் தெரியவே தெரியாது. நிறமும் வெளிச்சமும் எச்.டி.ஆர்-ஆல் மேம்படுவது வேறு விஷயம், அதற்கும் திரை நன்றாக இருக்க வேண்டும்.

இருந்தாலும் 4கே ஸ்டிக்கையே நான் பல வீடுகளுக்குச் சொல்கிறேன். காரணம் படம் இல்லை. சாதா ஸ்டிக்கைவிட 4கே ஸ்டிக்கில்தான் பெரும்பாலும் சிப்பும் ராமும் நன்றாக இருக்கும், ராமை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதை எச்.டி டிவியில் சொருகினாலும் தாராளமாக ஓடும்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு பாக்ஸ் கிடைக்கிறது. எல்லா சேனலும் இலவசம் என்கிறார்களே?

தயவுசெய்து வாங்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

முதல் காரணம் படம். ஓடிடி நிறுவனங்கள் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையை வைத்திருக்கின்றன. அதில் எல்1 நிலைச் சான்று உள்ள சாதனத்துக்குத்தான் எச்.டி, 4கே கொடுப்பார்கள். சான்றில்லாத பெட்டிகள் எல்3. அவற்றில் நெட்ஃபிளிக்ஸ் ஒன்று ஏறவே ஏறாது, அல்லது பழைய டிவிடி தரத்தில் படம் காட்டும். பெட்டியின் அட்டையில் 8கே என்றுகூட அச்சடித்திருப்பார்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிது. 2023 ஜனவரியில் டி95 என்ற மலிவுப் பெட்டியைப் பிரித்துச் சோதித்த ஒருவர், கடையிலிருந்து வரும்போதே அதற்குள் தீங்கு நிரல் இருப்பதைக் கண்டுபிடித்தார். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற, தீங்கு நிரல் புகுந்த கருவிகளின் வலையமைப்பைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. இப்படிப்பட்ட டிவி பெட்டிகளை வைத்து வீட்டு இணைய இணைப்பைத் திருட்டு வேலைகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்பதே அதன் சாரம். உங்கள் வைஃபையில்தான் உங்கள் வங்கிச் செயலி உள்ள போனும் இருக்கிறது. எங்கோ நடக்கும் மோசடிக்கு உங்கள் இணைப்பின் முகவரி பதிவாகிவிடும்.

அடையாளம் சொல்கிறேன். பெட்டியைத் தொடங்கியதும் கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்டை அணைக்கச் சொன்னால் விலகிவிடுங்கள். முகப்பு, டிவிக்கானதாக இல்லாமல் பெரிதாக்கிய போன் திரை மாதிரி இருந்தாலும், சுட்டியை நகர்த்தித்தான் எதையும் அழுத்த முடிகிறது என்றாலும் அது சான்றிதழ் இல்லாத பெட்டி. ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ் பொத்தான் இருப்பது மட்டும் சான்று ஆகாது.

எங்கள் நெட் வேகத்துக்கு ஓடுமா? எவ்வளவு டேட்டா ஆகும்?

நெட்ஃபிளிக்ஸ் கேட்பது ஃபுல் எச்.டி-க்கு விநாடிக்கு 5 மெகாபிட், 4கே-க்கு 15 மெகாபிட். இன்றைய ஃபைபர் இணைப்புகளில் பல நிறுவனங்களின் குறைந்த திட்டமே 30 மெகாபிட் வரும். வட்டம் சுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் நெட் இல்லை, வைஃபைதான். ரூட்டர் வாசல் பக்கம், டிவி உள்ளே. நடுவில் ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரில் அடிபட்டுவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அதில்தான் நெருக்கியடிக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கோடு ஒரு சாண் நீள எச்.டி.எம்.ஐ வயர் வந்திருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், டிவியின் உலோக முதுகிலிருந்து ஸ்டிக்கைத் தள்ளி வைத்தாலே சிக்னல் கூடும்.

டேட்டா கணக்கு: எச்.டி-க்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கே-க்கு 7 ஜிபி வரை. தினம் 2 ஜிபி உள்ள போன் பிளானில் ஹாட்ஸ்பாட் போட்டால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஃபைபர் திட்டங்களில் வழக்கமாக வரும் 3,300 ஜிபி வரம்பு வேறு கதை: எச்.டி-யில் 1,100 மணி நேரம். மாதத்துக்கே 720 மணி நேரம்தான்.

ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து வருகிறது. மாற்றித்தரச் சொல்லலாமா?

முதலில் மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். சித்தி வீட்டில் இதுதான் நடந்தது. சீரியல் நடுவில் திரை கறுத்து, லோகோ வந்து, மறுபடி முதலிலிருந்து. ஸ்டிக்கை மாற்றிக் கேட்டு இரண்டு முறை கடைக்கு நடந்துவிட்டார். நான் போய் டிவியின் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். ஸ்டிக்கின் வயர் டிவியின் யூ.எஸ்.பி ஓட்டையில் சொருகியிருந்தது. சுவரில் பிளக் பாயிண்ட் மிச்சமில்லை என்று மாட்டிக்கொடுத்தவர் அப்படிச் செய்திருக்கிறார். யூ.எஸ்.பி 2.0 ஓட்டை தருவது அரை ஆம்பியர். ஸ்டிக் கேட்பது ஒரு ஆம்பியர் அளவுக்கு. சும்மா இருக்கும்போது சமாளிக்கும், படம் ஓட ஆரம்பித்தால் மூச்சு வாங்கும். அலமாரியில் ஸ்டிக்கின் பெட்டிக்குள், அதோடு வந்த மின் அடாப்டர் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி அதில் போட்டோம். அதன் பிறகு ஒரு நாளும் அணையவில்லை.

போனில் ரீசார்ஜோடு வந்த ஓடிடி இருக்கிறது. அது டிவியில் வருமா?

திட்டத்தைப் பொறுத்தது. மொபைல் பிளான் என்று பெயர் இருந்தால் அது போனுக்கு மட்டும். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் போன், டேப்லெட்டோடு சரி. டிவிக்கு 199 ரூபாய்த் திட்டமாவது வேண்டும், அதிலும் 720பி தரம்தான். ஃபுல் எச்.டி 499-இல், 4கே 649-இல். 4கே டிவி, 4கே ஸ்டிக், 100 மெகாபிட் நெட் எல்லாம் வாங்கிவிட்டு 199 ரூபாய்த் திட்டத்தில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சாதனத்துக்கு முன் சந்தாவைப் பாருங்கள்.

போனிலிருந்தே டிவிக்குக் காஸ்ட் செய்தால் போதாதா?

யூடியூபுக்குப் போதும். மற்றவற்றுக்கு நம்பாதீர்கள். ஸ்கிரீன் மிரரிங் (போன் திரையை அப்படியே டிவியில் காட்டுவது) செய்தால் பல ஓடிடி படங்கள் கறுப்பாகவே வரும், சத்தம் மட்டும் கேட்கும். 2025 கடைசியில் நெட்ஃபிளிக்ஸ், ரிமோட்டோடு வரும் பெரும்பாலான டிவிகளுக்கும் ஸ்டிக்குகளுக்கும் போனிலிருந்து காஸ்ட் செய்வதை நிறுத்திவிட்டது. மேலும், போனில் அழைப்பு வந்தால் போனைக் கையில் வைத்திருப்பவர் எழுந்து போவார், படம் பார்க்கிறவர்கள் முழிப்பார்கள்.

இதெல்லாம் வந்தால் கேபிளை நிறுத்திவிடலாமா?

மூன்று மாதம் இரண்டையும் வைத்துப் பாருங்கள், அவசரம் வேண்டாம். சன் டிவி குழுமச் சேனல்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய் டிவி நிகழ்ச்சிகள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழ் ஜீ5-லும் வந்துவிடும். டிடி தமிழ், பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியில் கிடைக்கிறது. இத்தனைக்கும் தனித்தனிச் சந்தா கூட்டினால் அரசு கேபிளின் மாதக் கட்டணத்தைத் தாண்டிப் போய்விடும். சாலையில் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும்.

கிரிக்கெட் பார்க்கும் வீடு என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். இணையவழி நேரலை, டிஷ்ஷைவிட அரை நிமிஷம்வரை பின்தங்கும். பக்கத்து வீட்டில் "ஓ" என்று கத்திய பிறகுதான் உங்கள் டிவியில் பந்தே வீசுவார்கள். இது ஸ்டிக்கின் குறையில்லை, அதன் இயல்பு அப்படி.

இரண்டும் ஒரே பெட்டியில் வேண்டும் என்பவர்களுக்கு டாடா பிளே, ஏர்டெல் போன்றவை ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸ் தருகின்றன. ஒரே ரிமோட், ஒரே எச்.டி.எம்.ஐ. பி.எஸ்.என்.எல் ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு ஃபைபர் வழியே சேனல்களைத் தரும் ஐ.எஃப்.டிவி என்ற சேவையும் உண்டு. ஆனால் பெட்டி தந்த நிறுவனத்தை விட்டால் பெட்டியையும் விட வேண்டியிருக்கும்.

அம்மா, அப்பாவுக்கு வாங்குகிறேன். நான் வெளியூரில் இருக்கிறேன். அவர்களால் இயக்க முடியுமா?

முடியும், ரிமோட் ஒன்றாக இருந்தால். மூன்று ரிமோட் என்றால் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். டிவியின் செட்டிங்கில் எச்.டி.எம்.ஐ சி.இ.சி என்பதை இயக்குங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்.ஜி-யில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதைப் போட்டுவிட்டால் ஸ்டிக்கின் ரிமோட்டில் வீட்டுப் படம் போட்ட பொத்தானை அழுத்தியதும் டிவியும் எழுந்து, சரியான எச்.டி.எம்.ஐ-க்குத் தானாக மாறும். "இன்புட் மாத்துங்க" என்று போனில் கத்தும் வேலை மிச்சம்.

அம்மாவின் ரிமோட்டில் நான் செய்தது இது: ஹோம் பொத்தானுக்கு மேல் ஒரு சொட்டு சிவப்பு நகப்பாலிஷ், பேக் பொத்தானுக்கு மேல் ஒரு சொட்டு வெள்ளை. "எங்கேயாவது மாட்டிக்கிட்டா வெள்ளைய அமுக்கு, அதுலயும் வரலன்னா சிவப்பு." அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தேன். முகப்பில் அவர் பார்க்கும் மூன்று செயலிகளை மட்டும் முன்னால் இழுத்து வைத்தேன். பக்திப் பாடலும் சமையலும் தேடி எடுக்க எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டாம், என் தங்கையின் போனில் கூகுள் டிவி ரிமோட் இருக்கிறது, தட்டச்சுப் பலகை வந்ததும் அதில் தமிழில் பேசினால் டிவியில் எழுத்தாக விழும். வாங்கித் தபாலில் அனுப்பிவிட்டு விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே உட்கார்ந்து, அவர்கள் கையிலேயே ரிமோட்டைக் கொடுத்து, தப்பாக அழுத்த விட்டு, திரும்பி வரச் சொல்லிக்கொடுங்கள்.

பணம் கட்டும் வசதிக்கு ஒரு பின் எண் போட்டுவிடுவதும் அவசியம். படம் வாடகைக்கு எடுக்கும் பொத்தானும் படம் பார்க்கும் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வரலாமா?

மின்சாரத்துக்குப் பிரச்சினை இல்லை, பெரும்பாலான அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் முள்தான் மாற வேண்டும். ஆனால் உத்தரவாதம் இங்கே செல்லாது. ரோக்கு இந்தியாவில் அதிகாரப்பூர்வ விற்பனையில் இல்லை, கோளாறு வந்தால் கேட்க ஆள் கிடையாது.

பழைய ஸ்டிக்கை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். செய்யாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால், போனில் ஒவ்வொரு ஓடிடியின் கணக்குப் பக்கத்துக்கும் போய் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள், அமேசான், கூகுள் கணக்குகளிலும் அந்தச் சாதனத்தின் பெயரை நீக்குங்கள். அடாப்டரையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள்.